உயர்த்திய டகோமாவில் அப்பர் கண்ட்ரோல் ஆர்ம் மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

2005 முதல் 2023 வரை வெளிவந்த, ஆறு வீல் நட்டு கொண்ட டொயோட்டா டகோமா பிக்கப்பின் முன்பக்கத்தை 2 முதல் 3 அங்குலம் வரை உயர்த்தியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்பர் கண்ட்ரோல் ஆர்ம், சுருக்கமாக அப்பர் ஆர்ம், என்பது முன்சக்கரத்தைத் தாங்கும் பாகத்தின் மேல்முனையை வண்டியின் ஃபிரேமோடு இணைக்கும் கை; கீழ்முனையை இணைப்பது லோயர் ஆர்ம். இரண்டாம், மூன்றாம் தலைமுறை டகோமாக்களில் அப்பர் ஆர்ம் ஃபிரேமில் பொருந்தும் விதம் ஒன்றே என்பதால் ஒரே ஆர்ம்தான் இரண்டுக்கும் விற்கப்படுகிறது. 2024இல் வந்த நான்காம் தலைமுறையின் அமைப்பு வேறு. அதற்கு இங்குள்ள எண்களைப் பயன்படுத்த வேண்டாம். டார்ஷன் பார் (முறுக்கேறி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) வைத்த வண்டிகளுக்கும், காயில் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் உள்ள வண்டிகளுக்கும் இதே முறையைக் கையாளுவது ஆபத்தானது; அதன் காரணம் ஏழாம் படியில் வருகிறது.

இந்த வேலையில் கடினமான பாகம் என்று எதுவும் இல்லை. கழற்ற வேண்டியவை ஒரு பக்கத்துக்கு இரண்டு முக்கிய இணைப்புகள் மட்டுமே. புதியவர்கள் தடுமாறுவது வரிசையில்தான்: எதை முதலில் தளர்த்துவது, எதைக் கடைசியில் இறுக்குவது என்பதில்தான். ஆகவே கீழே உள்ள படிகளை எண் வரிசைப்படியே செய்யுங்கள்.

1. ஆர்ம் மாற்றம் தேவைதானா என்று அளந்து பாருங்கள்

கடைசியாகச் செய்த அலைன்மென்ட்டின் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் வேலையின்) அச்சுத்தாளை எடுத்து, காஸ்டர் என்ற வரியைப் பாருங்கள். ஆர்ம்களின் நுனியில் உள்ள உருண்டை மூட்டுகளான மேல் பால் ஜாயிண்ட்டையும் கீழ் பால் ஜாயிண்ட்டையும் இணைக்கும் கோடு, பக்கவாட்டில் பார்க்கும்போது பின்பக்கமாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் அது நேராக ஓடுகிறது. காரியம் இங்கும் அதேதான். வண்டியை உயர்த்தும்போது இந்தச் சாய்வு குறைந்துவிடுகிறது. லோயர் ஆர்மில் உள்ள, கோணங்களைச் சரிசெய்யும் கேம் போல்ட்டுகளைத் திருப்பி அதை மீட்க முயன்றால், கேம்பரை, அதாவது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணத்தை, சரிசெய்வதிலேயே அவற்றின் எல்லை தீர்ந்துபோகிறது. நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் அலைவதும், காற்றடிக்கும் நாளில் ஓயாமல் பிடித்துத் திருத்த வேண்டியிருப்பதும் இதன் அடையாளம்.

இரண்டாவது காரணம் பால் ஜாயிண்ட்டின் கோணம். இதில் எப்படி உயர்த்தினீர்கள் என்பது முக்கியம். காயில் ஓவரின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த கூட்டின்) தலைக்கு மேல் ஸ்பேசர் வைத்து உயர்த்தியிருந்தால், சக்கரம் தொங்கும்போது பழைய எல்லையையும் தாண்டிக் கீழே இறங்கும். அந்த நிலையில் கம்பெனி பால் ஜாயிண்ட் தன் கோண எல்லையை முட்டிவிடும். ஸ்பிரிங் உட்காரும் இடத்தை மட்டும் மேலே ஏற்றி உயர்த்தியிருந்தால், ஷாக்கின் முழு நீளம் அவ்வளவாக மாறாது என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

மூன்றாவதாக, முன்பக்கத்தை ஜாக் வைத்துத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, அப்பர் ஆர்மின் உட்புற விளிம்பில் ஸ்பிரிங் உரசிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் பளபளவென்று தேய்ந்திருந்தால் கேள்விக்கே இடமில்லை, மாற்ற வேண்டும். இந்த மூன்றில் ஒன்றும் இல்லாமல், காஸ்டர் இரு பக்கமும் 3 பாகைக்கு அருகில் இருந்தால், பணத்தை நல்ல டயருக்கோ ஷாக்குக்கோ வைத்துக்கொள்வதே என் யோசனை.

2. ஆர்மைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் பார்க்க வேண்டியது நுனியில் உள்ள மூட்டு. ரப்பர் உறை போட்ட, கிரீஸ் அடிக்கக்கூடிய பால் ஜாயிண்ட் ஒரு வகை. எஸ்பிசி, ஓல்டு மேன் ஈமு போன்ற நிறுவனங்களின் ஆர்ம்கள் இதில் சேரும். திறந்த உருண்டை பேரிங்கான யூனிபால் மற்றொரு வகை. டோட்டல் கேயாஸ் நிறுவனம் இதற்குப் பெயர் பெற்றது. யூனிபால் அதிகக் கோணத்துக்கு வளைந்து கொடுக்கும், ஆனால் மணலும் உப்பும் நேரடியாக அதில் சேரும். குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடும் மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் இருப்பவர்கள் உறை போட்ட வகையை வாங்குங்கள். அரிசோனா, நெவாடா பாலைவனப் பாதைகளில் வேகமாக ஓட்டி, அடிக்கடி கழுவித் துடைக்கும் பழக்கமும் உள்ளவர்களுக்கே யூனிபால் பொருத்தம்.

இரண்டாவது, ஃபிரேம் பக்கத்தில் போல்ட்டைச் சுற்றி மெத்தை போல உள்ள புஷ். ரப்பர் புஷ் சத்தமின்றி நெடுநாள் உழைக்கும். பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு அவ்வப்போது கிரீஸ் வேண்டும். உங்கள் ஆர்மில் எந்தப் புஷ் இருக்கிறது என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பதினொன்றாம் படி முழுவதும் அந்த ஒரு விடையைப் பொறுத்தது.

3. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

3 டன் ஃபுளோர் ஜாக், உயரமான இரண்டு ஜாக் ஸ்டாண்டுகள், பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டைகள். இரண்டாவதாக ஒரு சிறிய ஜாக் இருந்தால் வேலை பாதியாகும், ஏனெனில் லோயர் ஆர்மைத் தாங்குவதற்கு ஒன்று கடைசிவரை அங்கேயே நிற்க வேண்டும்.

21 மி.மீ. சாக்கெட் வீல் நட்டுக்கு, 19 மி.மீ. சாக்கெட்டும் அதே அளவில் ஒரு ரிங் ஸ்பேனரும், ஆர்மை ஃபிரேமில் பிடிக்கும் நீண்ட போல்ட்டுக்கும் பால் ஜாயிண்ட் நட்டுக்கும். 10, 12 மி.மீ. சாக்கெட்டுகள் ஒயர் கிளாம்புகளுக்கு. நீண்ட கைப்பிடி கொண்ட பிரேக்கர் பார், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச், இரண்டு மூன்று பவுண்டு எடையுள்ள சுத்தியல், குறடு, கடப்பாரை போன்ற பிரை பார், பெரிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், கிரீஸ் கன், கொக்கி போட்ட எலாஸ்டிக் கயிறு, வெள்ளை பெயின்ட் மார்க்கர், அளவு நாடா ஆகியவையும் வேண்டும். டார்க் ரென்ச் இல்லாதவர்கள் ஆட்டோசோன், ஓ'ரைலி போன்ற உதிரிபாகக் கடைகளில் முன்பணம் கட்டி இரவல் வாங்கலாம்; திருப்பிக் கொடுத்ததும் பணம் முழுவதும் வந்துவிடும். டார்க் ரென்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

கிரீஸில் ஒரு கவனம் தேவை. பால் ஜாயிண்ட்டுக்குச் சாதாரண லித்தியம் கிரீஸ் போதும். பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு ஆர்மோடு வரும் சிலிக்கான் வகைக் கிரீஸையே பூச வேண்டும்.

பால் ஜாயிண்ட் நட்டு கழலாமல் பூட்டும் புதிய ஸ்பிளிட் பின்கள் இரண்டு வாங்கி வையுங்கள். வளைத்து நிமிர்த்திய பழைய பின்னை மறுபடி போடுவது, ஒரு சிறு கம்பியை நம்பி முன்சக்கரத்தை விடுவதற்குச் சமம்.

பெட்டியைத் திறந்ததும் இடது ஆர்ம் எது, வலது ஆர்ம் எது என்று பார்த்து, மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். காஸ்டரைக் கூட்டுவதற்காகப் பால் ஜாயிண்ட்டின் இடம் பின்பக்கம் தள்ளி வைக்கப்பட்டிருக்கும்; இரண்டையும் மாற்றிப் போட்டால் அது முன்பக்கம் தள்ளப்பட்டு, பழைய ஆர்மோடு இருந்ததை விட மோசமான காஸ்டர் கிடைக்கும். மாற்றிப் போட்டாலும் பொருந்திவிடும் என்பதே இதில் உள்ள அபாயம். அலைன்மென்ட் இயந்திரத்தின் மேல் ஏறும்வரை தவறு தெரியாது.

4. முந்தைய நாள் செய்ய வேண்டியவை

வண்டி சமதளத்தில், தன் சக்கரங்களின் மேல் நிற்கும்போது, முன்சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டரின் விளிம்பு வரை உள்ள உயரத்தை இரு பக்கமும் அளந்து, ஃபெண்டரின் மேலேயே டேப் ஒட்டி எழுதி வையுங்கள். வேலை முழுவதிலும் மிகவும் பயன்படப்போகும் எண் இதுதான். வண்டியைத் தூக்கிய பின் இதை அளக்க வழியில்லை. இதைத் தவறவிட்டவர்களே பதினொன்றாம் படியில் ஊகத்தில் இறுக்குகிறார்கள்.

நீண்ட போல்ட்டின் நட்டு, பால் ஜாயிண்ட் நட்டு, ஏபிஎஸ் ஒயரின் சிறு போல்ட்டுகள் ஆகியவற்றில் துரு இளக்கும் எண்ணெயை அடித்து இரவு முழுவதும் ஊறவிடுங்கள். நாலு குளிர்காலம் கண்ட வண்டியென்றால் மறுநாள் காலையில் இன்னொரு முறை அடியுங்கள். ஒயர் செல்லும் பாதையை இரு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் இப்போதே.

5. வண்டியை உயர்த்துதல்

சமமான கான்கிரீட் தரை, கியர் பார்க்கில், பார்க்கிங் பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டு. நான்கு சக்கர இயக்க வண்டியாக இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள்.

வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, முன்பக்கத்தின் நடுவில் உள்ள ஜாக் இடத்தில் தூக்கி, லோயர் ஆர்மின் பின்புறக் கட்டுமானத்துக்குப் பின்னால் ஃபிரேமின் அடியில் இரு பக்கமும் ஸ்டாண்டை நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் போதாதா என்று ஏறக்குறைய எல்லோரும் கேட்கிறார்கள். போதாது. ஒரு சக்கரம் தரையிலும் மற்றொன்று தொங்கலிலும் இருந்தால், இரண்டையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறி நிற்கும். அந்த முறுக்கு நீங்கள் பிரிக்கும் பக்கத்து லோயர் ஆர்மைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஆனால் இரு பக்கத்தையும் ஒன்றாகப் பிரிக்க வேண்டாம். ஒரு பக்கத்தை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். பிரிக்காத பக்கம் உங்களுக்கு எப்போதும் பார்க்கக் கிடைக்கும் மாதிரியாக இருக்கும்.

6. ஒயரை விடுவித்தல், நக்கிளைக் கட்டுதல்

சக்கரத்தைக் கழற்றியதும், அப்பர் ஆர்மில் பிடிக்கப்பட்டிருக்கும் ஏபிஎஸ் ஒயரின் 10 மி.மீ. போல்ட்டையும், பிரேக் ஹோஸின் கிளாம்பு இறுக்கமாக இருந்தால் அதையும் கழற்றி, ஒயரை ஆர்மிலிருந்து முழுவதும் விடுவியுங்கள். சென்சாரைத் தொட வேண்டியதில்லை.

அடுத்து, எந்த நட்டையும் தொடுவதற்கு முன், எலாஸ்டிக் கயிற்றால் நக்கிளின் (இரண்டு ஆர்ம்களுக்கும் நடுவில் சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகத்தின்) மேற்பகுதியை ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டுங்கள். அப்பர் ஆர்மின் பிடி விட்டவுடன், பிரேக் டிஸ்க்கையும் காலிபரையும் சுமக்கும் அந்தக் கனமான நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். அப்படிச் சாய்ந்தால் ஏபிஎஸ் ஒயர் அறுபடலாம், பிரேக் ஹோஸ் இழுபடலாம், நான்கு சக்கர இயக்க வண்டியில் ஆக்சிலின் உள்மூட்டு தன் இடத்தை விட்டு நழுவலாம். மூன்றாவதைச் சரிசெய்ய ஒரு நாள் போகும். கட்டுவதற்கு அரை நிமிடம்.

சிறிய ஜாக்கை லோயர் ஆர்மின் அடியில், பால் ஜாயிண்ட்டுக்கு அருகில் வைத்து, அது தொடும் அளவுக்கு மட்டும் உயர்த்தி நிறுத்துங்கள்.

7. பால் ஜாயிண்ட்டைப் பிரித்தல்

ஸ்பிளிட் பின்னை எடுத்துவிட்டு, 19 மி.மீ. நட்டைத் தளர்த்துங்கள். ஆனால் முழுவதும் கழற்றக் கூடாது. நாலைந்து மரை பிடித்திருக்கும்படி விட்டுவிடுங்கள். பால் ஜாயிண்ட்டின் தண்டு கூம்பு வடிவில் நக்கிளுக்குள் கெட்டித்திருப்பதால், விடுபடும்போது திடீரென்று விடுபடும். மீதமிருக்கும் அந்த மரைகள்தான் ஆர்மும் நக்கிளும் எகிறிப் பிரியாமல் தடுக்கும்.

இப்போது சுத்தியலால், தண்டு நுழைந்திருக்கும் நக்கிளின் காதைப் பக்கவாட்டில் ஓங்கி அடியுங்கள். தண்டின் நுனியில் அடிப்பது பெரும் தவறு. மரை நசுங்கி, நட்டு வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும். நக்கிளின் இரும்பு அடிபட்டு நொடிப்பொழுது விரியும்போது கூம்பு தன் பிடியை விடுகிறது, அதனால் மெதுவான பத்துத் தட்டுகளை விடக் குறிபார்த்த இரண்டு அடிகளே வேலை செய்யும். கவை போன்ற பிக்கிள் ஃபோர்க் ரப்பர் உறையைக் கிழித்துவிடும். பழைய ஆர்மை எடுத்து வைக்கவோ விற்கவோ எண்ணினால் அதைத் தவிருங்கள்.

டகோமாவில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கூட்டாக, லோயர் ஆர்முக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் கட்டுண்டு இருக்கின்றன. சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஸ்பிரிங்கின் விசையை ஷாக்கே தாங்கிக்கொள்வதால், அப்பர் ஆர்மைப் பிரித்தால் ஸ்பிரிங் பாய்ந்து வராது. முதல் பத்தியில் சொன்ன மற்ற வண்டிகளில் இந்தக் காப்பு இல்லை. அங்கே லோயர் ஆர்மைத் தாங்காமல் இதைப் பிரித்தால் உயிருக்கே ஆபத்து.

நட்டை முழுவதும் எடுத்த பின், ஆர்மை மேலே தூக்கி, நக்கிள் கயிற்றில் பத்திரமாக நிற்கிறதா என்று பாருங்கள்.

8. நீண்ட போல்ட்டை வெளியே எடுத்தல்

அதிக நேரம் பிடிப்பதும், பொறுமை கெடுவதும் இங்கேதான். அப்பர் ஆர்மின் இரண்டு புஷ்களையும் ஊடுருவி ஒரே ஒரு நீண்ட போல்ட் செல்கிறது. நட்டு சுலபமாகக் கழன்றுவிடும். ஆனால் போல்ட்டைப் பாதி இழுத்ததும், சக்கரக் குழியின் உட்பக்கத் தகட்டின் மடிப்பில் அதன் தலை முட்டி நிற்கும்.

முதலில் குழியில் உள்ள ரப்பர் திரையின் கிளிப்புகளை எடுத்து அதை விலக்குங்கள். பிறகு தகட்டின் மடிப்பை அட்ஜஸ்டபிள் ஸ்பேனரின் வாயில் கவ்விப் பிடித்து, சிறிது சிறிதாக வளையுங்கள். போல்ட்டின் தலை கடக்கும் இடைவெளி போதும். வளைப்பதற்கு முன் தகட்டின் பின்னால் கையை விட்டு, ஒயர் கட்டு எதுவும் அதில் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்; இருந்தால் அதன் கிளிப்பை விடுவியுங்கள். தகட்டை வெட்டுபவர்களும் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் வெட்டிய விளிம்பு துருவுக்கு வாசலாகிவிடும். வளைத்த இடத்தில் பெயின்ட் உதிர்ந்திருந்தால் டச்-அப் பெயின்ட் தடவுங்கள்.

போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருவேறி ஒட்டியிருந்தால், இழுப்பதற்கு முன் தலையை ஸ்பேனரால் இரு திசையிலும் சுழற்றி விடுவியுங்கள். மரைப் பக்கத்தில் அடிக்க நேர்ந்தால், நட்டை நுனியோடு சமமாகத் திருகி வைத்து, அதன் மேல் மரக்கட்டை வைத்து அடியுங்கள்.

வெளியே வந்த வாஷர்கள் எந்தப் பக்கத்தில், எந்த வரிசையில் இருந்தன என்பதைப் போல்ட்டிலேயே கோத்து வைத்து நினைவில் நிறுத்துங்கள். சில ஆர்ம்களுக்கு அவை மறுபடி வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம். ஆர்மோடு வந்த தாள் என்ன சொல்கிறதோ அதன்படி செய்யுங்கள்.

9. புதிய ஆர்மை உட்கார வைத்தல்

ஃபிரேமில் புஷ் அமரும் இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடையுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் மண், இறுக்கும்போது இறுக்கம் போலத் தோன்றி, பத்து மைல் ஓடியதும் உதிர்ந்து போல்ட்டைத் தளர்த்திவிடும்.

பாலியூரித்தேன் புஷ் என்றால் அதன் பக்கவாட்டு முகங்களிலும் உள்துளையிலும் அதற்குரிய கிரீஸைப் பூசுங்கள். ரப்பர் புஷ்ஷில் எதுவும் பூச வேண்டாம். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊறச் செய்துவிடும். போல்ட்டின் வழவழப்பான உடலில் மெல்லிய கிரீஸ் தடவலாம், அடுத்த முறை துருப்பிடிக்காமல் வரும். மரையில் மட்டும் படக் கூடாது. மரை வழுக்கினால், டார்க் ரென்ச் அதே எண்ணைக் காட்டும்போதே போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும்.

ஆர்மை இடத்தில் வைத்து, போல்ட்டைக் கையால் தள்ளுங்கள். இரண்டாவது புஷ்ஷில் துளை நேராக வராவிட்டால் பிரை பாரால் ஆர்மை நெம்பி நேராக்க வேண்டுமே தவிர, போல்ட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. நட்டைக் கையால் முடியும்வரை திருகி, அதோடு விட்டுவிடுங்கள். இப்போது இறுக்க வேண்டாம்.

10. பால் ஜாயிண்ட்டை நக்கிளில் பொருத்துதல்

நக்கிளின் கூம்புத் துளையையும் பால் ஜாயிண்ட்டின் தண்டையும் எண்ணெய்ப் பசையின்றித் துடையுங்கள். இரும்பும் இரும்பும் உலர்ந்து கவ்வுவதே இந்த இணைப்பின் பலம். கிரீஸ் இருந்தால் தண்டு சுழன்றுகொண்டே இருக்கும்.

ஆர்மை இறக்கித் தண்டை நுழைத்து, நட்டைத் திருகுங்கள். தண்டும் சேர்ந்து சுழன்றால், சிறிய ஜாக்கால் லோயர் ஆர்மைச் சற்று உயர்த்தி, ஒருவரை அப்பர் ஆர்மைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லுங்கள், கூம்பு கவ்விக்கொள்ளும். டொயோட்டாவின் அளவு 110 நியூட்டன் மீட்டர், அதாவது 81 அடி-பவுண்டு. ஆர்ம் தயாரிப்பாளரின் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே செல்லும், ஏனெனில் தண்டும் நட்டும் அவர்களுடையவை.

அந்த எண்ணில் ஸ்பிளிட் பின்னின் துளையும் நட்டின் பள்ளமும் நேராக வராமல் போகலாம். அப்போது நட்டை இன்னும் சிறிது, அதிகபட்சம் 60 பாகை வரை, இறுக்கி நேராக்குங்கள். பின் போடுவதற்காக நட்டைத் தளர்த்துவதை நான் பலமுறை பார்த்துத் தடுத்திருக்கிறேன். நைலான் வளையம் கொண்ட லாக் நட்டு வந்திருந்தால், அதை ஒருமுறைதான் பயன்படுத்தலாம்.

யூனிபால் ஆர்மில் தண்டுக்குப் பதில் தனி போல்ட்டும், மேலும் கீழும் கூம்பு வடிவ ஸ்பேசர்களும் வரும். ஸ்பேசரின் குறுகிய முகம் உருண்டையைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் மூட்டு வளைய இடமின்றி முட்டும்.

11. நீண்ட போல்ட்டைச் சரியான உயரத்தில் இறுக்குதல்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் இரண்டு முறை படிக்க நேரமிருந்தால், இதைப் படியுங்கள்.

ரப்பர் புஷ்ஷின் உள்குழாய், வெளிக்குழாய் இரண்டிலும் ரப்பர் ஒட்டப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் ஃபிரேமோடு பூட்டிக்கொள்ளும். அதன் பின் ஆர்ம் அசைவதெல்லாம் ரப்பர் முறுக்கேறுவதால் மட்டுமே. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், ரப்பர் அந்த நிலையைத் தன் ஓய்வு நிலையாகக் கொள்கிறது. வண்டியை இறக்கியதும், நின்றுகொண்டிருக்கும்போதே ரப்பர் முறுக்கேறி நிற்கும். ஒவ்வொரு மேட்டிலும் இன்னும் முறுக்கேறும். சில மாதங்களில் கீறல் விட்டுக் கிழிந்துவிடும். ஆர்ம் சரியில்லை, சத்தம் வருகிறது என்று சொல்லி என்னிடம் வந்த வண்டிகளில் பலவற்றில் ஆர்மின் மேல் குற்றம் இல்லை. தொங்கலில் இறுக்கியதே காரணமாக இருந்தது.

சக்கரம் மாட்டித் தரையில் இறக்கிய பின் இந்த நட்டை ஸ்பேனரால் எட்டுவது கடினம். ஆகவே லோயர் ஆர்மின் அடியில் உள்ள ஜாக்கை மெதுவாக உயர்த்தி, ஹப்பின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உள்ள உயரம் நீங்கள் எழுதி வைத்த எண்ணுக்கு வரும்வரை கொண்டுவாருங்கள். அந்த நிலையில் 115 நியூட்டன் மீட்டர், அதாவது 85 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள். போல்ட்டின் தலையை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டின் பக்கம் அளக்க வேண்டும்.

ஜாக்கை உயர்த்தும்போது ஸ்டாண்டின் தலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அந்த உயரம் கிட்டும் முன் வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பத் தொடங்கினால், உடனே நிறுத்தி, எழும்புவதற்குச் சற்று முந்தைய நிலைக்கு இறக்கி, அங்கேயே இறுக்குங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசத்தால் ரப்பருக்குக் கேடு இல்லை. ஸ்டாண்டிலிருந்து நழுவிய வண்டிக்கு மாற்று இல்லை.

பாலியூரித்தேன் புஷ்களும், எஃகுக் குழாயின் மேல் தாராளமாகச் சுழலும் மற்ற வகைகளும் முறுக்கேறுவதில்லை. அவற்றைத் தொங்கலிலேயே இறுக்கலாம். இறுக்கிய பின் ஆர்ம் கையால் அசையவே மறுத்தால் கிரீஸோ வாஷரோ தவறியிருக்கிறது என்று பொருள்.

12. ஒயரும் இடைவெளியும்

ஏபிஎஸ் ஒயரைப் புதிய ஆர்மில் உள்ள தாங்கியில் பொருத்தி, நக்கிளின் கயிற்றை அவிழ்த்து, ஜாக்கை இறக்கிச் சக்கரப் பக்கத்தை முழுவதும் தொங்கவிடுங்கள். ஸ்டீயரிங்கை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் திருப்பி, ஒயரும் பிரேக் ஹோஸும் இழுபடவில்லை, ஸ்பிரிங்கைத் தொடவில்லை என்பதைப் பாருங்கள். தாங்கி இல்லாத ஆர்மில் பிளாஸ்டிக் டையால் கட்டுபவர்கள், தொங்கும் நிலையில் கட்டினால்தான் தேவையான தளர்வு மிஞ்சும்.

தொங்கும் நிலையில் ஆர்முக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஒரு விரலாவது நுழைய வேண்டும். பிறகு கிரீஸ் நிப்பிளில், உறை இலேசாக உப்பும்வரை மட்டும் அடியுங்கள். உறை வெடித்தால் மூட்டு போனதாகவே கணக்கு. இனி மறுபக்கம், ஆறாம் படியிலிருந்து.

13. சக்கரம் மாட்டி இறக்குதல்

சக்கரத்தை மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, ரிம் ஆர்மில் உரசுகிறதா என்று பாருங்கள். உள்நோக்கி அதிகம் அமரும் ரிம்களில் இது நேரும். வீல் நட்டுகளை எதிரெதிராக, 113 நியூட்டன் மீட்டருக்கு, அதாவது 83 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள்.

இறக்கியதும் முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்திவிட்டு, காலியான இடத்தில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்புங்கள். கூடுதல் காஸ்டர் சக்கரத்தைச் சற்றுப் பின்பக்கம் நகர்த்தும் என்பதால், இதுவரை உரசாத டயர் இப்போது குழியின் பின்பக்கத்தில் உரசலாம். 33 அங்குல டயர் வைத்திருப்பவர்கள் இதை எதிர்பார்த்தே இருங்கள்.

14. அலைன்மென்ட்

ஆர்ம் மாறியதும் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்விளிம்பு உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு), கேம்பர், காஸ்டர் மூன்றும் மாறியிருக்கும். கேரேஜிலிருந்து நேராக அலைன்மென்ட் கடைக்குத்தான் செல்ல வேண்டும், அதுவும் நெடுஞ்சாலையைத் தவிர்த்து. நேரத்தை முன்பே பதிவு செய்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது. டோ தவறிய நிலையில் ஒரு வாரம் ஓட்டினால் புது டயரின் விளிம்பு தேய்ந்துவிடும்.

வண்டி உயர்த்தப்பட்டது, ஆர்ம் மாற்றப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுங்கள். இல்லையேல் கணினி காட்டும் கம்பெனி எல்லைக்குள் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது இது: கேம்பர் பூஜ்யத்தை ஒட்டி, டோ சிறிது உள்நோக்கி, காஸ்டர் இரு பக்கமும் 3 பாகைக்குக் குறையாமல், இரண்டுக்கும் நடுவே அரைப் பாகைக்கு மேல் வேறுபாடு இல்லாமல். காஸ்டர் குறைந்த பக்கத்துக்கு வண்டி இழுக்கும் என்பதால் கடைசி நிபந்தனையை விட்டுக்கொடுக்காதீர்கள். ஆர்மிலேயே சரிசெய்யும் வசதி உள்ள எஸ்பிசி போன்றவற்றை வாங்கியவர்கள், அதற்கான தாளையும் பெரிய ஸ்பேனரையும் கையோடு கொண்டுபோங்கள். பெரும்பாலான கடைகளில் இரண்டும் இருக்காது.

முடிந்த பின் ஸ்திரத்தன்மைக் கட்டுப்பாட்டு விளக்கு அணையாமல் எரிந்தால், ஸ்டீயரிங் கோணத்தின் பூஜ்யப் புள்ளியை மறுபடி பதிக்க வேண்டியிருக்கலாம். ஸ்கேனர் உள்ள கடையில் அது சில நிமிட வேலை. ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் முதலில் ஒயரைப் பாருங்கள்.

15. மறுபடி இறுக்கிப் பார்த்தல்

50 மைல் ஓடியதும் வீல் நட்டுகளையும், 100 மைலிலும் 500 மைலிலும் நீண்ட போல்ட்டையும் பால் ஜாயிண்ட் நட்டையும் டார்க் ரென்ச்சால் சோதியுங்கள். நீண்ட போல்ட்டுக்கு மறுபடியும் சக்கரத்தைக் கழற்றி, லோயர் ஆர்மை எழுதி வைத்த உயரத்துக்குக் கொண்டுவந்தே சோதிக்க வேண்டும். ஒருமுறை சரியாக இறுகியதும், நட்டுக்கும் போல்ட்டின் நுனிக்கும் குறுக்கே வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்து எண்ணெய் மாற்றும்போது டார்ச் அடித்து அந்தக் கோடு உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கிரீஸ் நிப்பிளுக்கும் அதே நேரத்தில் இரண்டு அழுத்து அழுத்திவிடலாம்.